குலக்கோயில் சாவியும் ஜீவனாம்சத் திருத்தமும்

மேடை ஏறுமுன் மிட்டாதார் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பன்னீரால் வாய் கொப்பளிப்பார். அந்த வெள்ளிக் கூஜாவை ஏந்தவே ஓர் ஆள் உண்டு. வாய் மணமாக இருந்தால் போதும், வாக்கு எப்படியிருந்தாலும் ஊர் ஏற்றுக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பி.ஏ. தேறிய கையோடு, ராசிபுரத்துக்கு அருகே ஏழெட்டு ஊர் நிலத்துக்கு உடையவரான அவருக்குக் காரியதரிசியாக அமர்ந்தேன். அவர் அறிவைக் கண்டு அமர்ந்ததாக எவரும் எண்ண வேண்டாம்.

சட்டசபைக்குப் போகும் ஆசை அவரைப் பிடித்திருந்த காலம் அது. பெற்ற பிள்ளையைத் தன்னுடையதன்று என்று தகப்பன் கைவிரித்தால், தாய் மாஜிஸ்திரேட்டிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் பிள்ளை அவனுடையதுதான் என்று நிரூபிப்பது பெரும்பாடு. தாயின் வாக்குமூலத்துக்கே கூடுதல் மதிப்பளித்துச் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்று சேலத்து மாதர் சங்கத்தார் கேட்டனர். நிலக்கிழார்கள் நடுங்கினர். இரு தரப்பு வாக்கும் வேண்டியிருந்த மிட்டாதார் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். தகப்பன் வழிக் குலக்கோயிலில் முதல் முடி இறக்கிய பிள்ளைக்கு வேறு சாட்சியே வேண்டாம். இறக்காத பிள்ளைக்கு உரிமையும் இல்லை. நம் வழக்கமே சட்டமாகிறது என்று நிலக்கிழார்கள் மகிழ்ந்தனர். கோயில் என்றால் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று நம்பிய நகரத்துச் சீமாட்டிகளும் கைதட்டினர். குலக்கோயில் பூட்டிக் கிடக்கும், சாவி தர்மகர்த்தாவின் இடுப்பில் தொங்கும் என்பதை அவர்களுக்கு வேறு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்; ஆங்கிலத்தில் நன்றி தெரிவித்தார்கள்.

நாமக்கல் கூட்டத்தில் அவர் முழங்கிக்கொண்டிருந்தபோது, பெண்கள் பகுதியிலிருந்து ஒருத்தி இடுப்புக் குழந்தையோடு எழுந்தாள். மிட்டாதாரின் தம்பி தன் பருத்திக்காட்டில் கூலிக்கு வந்தவளைத் தாலியில்லாமல் வைத்திருந்து, பிள்ளை பிறந்ததும் ‘எவனுதோ’ என்று துரத்திவிட்டான். அவள்தான் இவள். மூன்று வயதாகியும் கத்தி படாத தலைமுடி குழந்தையின் கண்ணை மறைத்தது.

“ஏனுங்க சாமி, முடி எறக்கோணும்னு சொல்றீங்க. அந்தக் கோயல் சாவி ஆருகிட்டங்க இருக்குது?”

கூட்டம் சிரித்தது. தர்மகர்த்தா யாரென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சிரிப்பைக் கைதட்டலாக்காமல் விடும் சுபாவம் மிட்டாதாருக்கு இல்லை.

“எங்கிட்டத்தான் இருக்குது, புள்ளை. நம்ம ஊட்டுப் பையனுக்கு நம்ம கோயல் கதவு சாத்துமா? வெள்ளிக்கெழமை கூட்டியா.”

கைதட்டல் கிடைத்தது. வெள்ளிக்கிழமை நாவிதரோடு வந்து அவள் வெயில் சாயும்வரை நின்றாள், கதவு திறக்கவில்லை. ஆள் மேல் ஆள் போயும் மிட்டாதார் உறக்கத்தில் இருப்பதாகவே பதில் வந்தது.

அவள் அழவில்லை. திருத்தத்துக்குக் காத்திராமல், மிட்டாதார் பல்லில்லாதது என்று பழித்த பழைய சட்டத்தின்படியே வழக்குப் போட்டாள். பையனை ‘நம்ம ஊட்டுப் பையன்’ என்று குடும்பத்து மூத்தவரே ஊரறியச் சொன்னதைச் சாட்சியமாக வைத்தார் அவளுடைய வக்கீல். மேடையில் அருகிருந்தவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அன்று மாலையே எனக்கு வேலையில்லை. பின் மிட்டாதார் கூண்டேறினார். கோர்ட்டு வராந்தா நிறைய, நாமக்கல் கூட்டத்தில் கைதட்டியவர்களே நின்றிருந்ததால், சொல்லவில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

“அது மேடைப் பேச்சுங்க எசமான். அதையெல்லாம் கணக்குல எடுக்கலாமுங்களா?”

மாஜிஸ்திரேட் எடுத்துக்கொண்டார். மாதாமாதம் ஜீவனாம்சம் தரும்படி தம்பிக்கு உத்தரவாயிற்று. அவள் பழனிக்குப் போய்ப் பையனுக்கு முடி இறக்கினாள். அங்கே எவரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை. சமூகம் இன்னும் பக்குவப்படவில்லை என்று அறிக்கை விட்டு மிட்டாதார் தம் திருத்தத்தைக் கைவிட்டார். சட்டசபைக்கு மட்டும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அவர் பேரர்கள் நூற்றாண்டு மலர் போடுகிறார்களாம். அநாதரவான குழந்தைகளுக்கு அவர் ஆற்றிய தொண்டு பற்றி என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அவர் வாழ்நாளில் ஒரு குழந்தைக்குச் சோறு போட்ட வாக்கியம் ஒன்றே ஒன்று. அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமென்றுதான் அவர் கேட்டுக்கொண்டார்.