அன்னதான வரிசையில் வாங்கிய கையெழுத்து

என் மனைவி பிரேமலாவுக்குக் காலிக் கட்டம் ஒன்றைக் கண்டால் பொறுக்காது. குளுவாங்கில் முப்பது வருடம் பள்ளிக் குமாஸ்தாவாக இருந்த பழக்கம். ஓய்வுபெற்றுக் கடலோரத்துப் பெர்மாஸ் ஜெயாவுக்கு வந்ததும் கடல் பாதுகாப்புச் சங்கம் ஒன்றில் சேர்ந்தாள். இந்தக் கரையோரக் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கச் சொல்லி மனு கொடுக்கப் போகிறார்கள், கரையோரவாசிகளின் கையெழுத்து முந்நூறு வேண்டும் என்றாள்.

மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கியதில் நாற்பதுதான் தேறியது. கரையிலேயே இருந்த மீனவர் கம்பத்துக்கு, அந்தச் சின்னக் கிராமத்துக்கு மட்டும் அவள் போகவில்லை.

"மீன் புடிக்கிறவங்க கிட்ட போயி கடல மூடப் போறோம்னா போடுவாங்களா? அடிக்கத்தான் வருவாங்க லா!"

அந்த நேரம் பார்த்துக் கோயில் திருவிழா வந்தது. அன்னதான வரிசைக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள். பசியோடு நிற்பவர்கள் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டார்கள்? கடலை விட்டு வெகுதூரம் உள்ளே இருக்கும் காஹாங்கிலிருந்து ஆறு பஸ்ஸில் வந்திருந்த கூட்டம் அது. செம்பனைக்காட்டுக்கு நடுவில் வாழ்பவர்கள். அவர்கள் பெயருக்கு நேரே 'கரையோரவாசி' என்ற கட்டத்தில் வரிசையாக டிக் போட்டாள். மை தீர்ந்தபோது வேறு பேனா எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

மனுவை விசாரிக்கக் கூட்டிய பொதுக்கூட்டத்தில், கரையோரவாசிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆதரவு என்று மீன்வளத்துறை அதிகாரி அறிவித்தார். நாங்கள் மாமா முறை வைத்துப் பாக்சிக் என்று கூப்பிடும் கம்பத்து மீனவர் இட்ரிஸ் எழுந்தார். சனிக்கிழமைதோறும் அவரிடம்தான் நண்டு வாங்குவோம்.

"எங்க கம்பத்துல மொத்தமே இருபத்தேழு வீடு. ஒருத்தரும் வந்து கேக்கல. யாரு இந்த முந்நூறு பேரு?" என்று மலாய் மொழியில் கேட்டார். எங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இந்த அக்காவும் கரையிலதான் இருக்காங்க. உங்க கிட்டயாவது கேட்டாங்களா?"

"இல்ல, பாக்சிக்" என்றாள் பிரேமலா.

"பாத்தீங்களா!" என்றார் அதிகாரியிடம். கம்பத்து ஆட்கள் கைதட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

கைதட்டல் ஓய்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள். "பொய் சொல்லிட்டேன். நான்தான் வாங்குனேன். கோயில்ல வச்சு. முக்கால்வாசிப் பேரு காஹாங் ஆளுங்க."

பாக்சிக் திட்டியிருந்தால் தேவலை.

"ஆறு வருசமா வாராவாரம் வரீங்க, என் கிட்ட ஒரு வார்த்த கேக்கல" என்றார். "பெரிய இழுவப் படகெல்லாம் வந்து வாரிட்டுப் போவுது. அத நிறுத்துனா எங்களுக்குத்தானே நல்லது? நான்தான் முதல்ல போட்டிருப்பேன்." அதிகாரியைப் பார்த்துக் கையை நீட்டினார். "குடுங்க, இப்பவே போடுறேன்."

அதிகாரி காகிதங்களை மூடினார். மனு முழுவதுமே இனிச் செல்லாது என்றார்.

நீட்டிய கையோடு பாக்சிக் எங்கள் பக்கம் திரும்பினார். பிரேமலா தலை குனிந்து நின்றாள். நான் எழுந்து அவள் பக்கத்தில் நிற்கக்கூட இல்லை.