கயிற்றில் ஏறிய சட்டம்

நான் பிறந்து வளர்ந்த கட்டடத்துக்கு நானே ஒரு அரசியலமைப்புச் சட்டம் எழுதி, அந்தச் சட்டப்படி நானே அந்தக் கட்டடத்துக்கு அந்நியமாகிப் போனேன். அப்போது இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது யாராவது கேட்டால் சிரிப்பு வந்துவிடுகிறது.

பர்மாவில், நகர நடுவே பபேடான் பேட்டையில், கீழே ஒரு குடைக்கடையும் அதற்கு மேல் ஐந்து மாடிகளும் உள்ள ஒல்லிக் கட்டடம் எங்களுடையது. மாடிக்கு ஒரு வீடு. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு செங்குத்தாக, பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும். நான் இரண்டாம் மாடி. வாடகை ஒப்பந்தம், விண்ணப்பம் என்று பர்மிய மொழியில் பத்திரம் எழுதிக் கொடுப்பது என் தொழில். கமா எங்கே வர வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுப்பேன் என்ற தலைக்கனமும் உண்டு.

முன்பு கட்டடம் முழுவதும் ஒரே ஆளுக்குச் சொந்தம். படிக்கட்டு விளக்கு, குப்பை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் அதிகாரம். அவர் மாடி மாடியாக விற்றுவிட்டு வெளிநாடு போனார். எங்கள் மாடியை மாண்டலேயில் இருக்கும் என் அண்ணன் தன் பெயரில் வாங்கினான். ஆக நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் சுதந்திரம் அடைந்தோம். மூன்றாம் நாளே படிக்கட்டு விளக்கு அணைந்தது. மாற்ற வேண்டியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கரண்டோ முறை வைத்து வருகிற காலம். அது வந்ததும் தெருவே கூச்சல் போடும். உடனே ஐந்து மாடியிலும் ஐந்து மோட்டார் ஓடும், ஃபியூஸ் போகும், கீழ்த்தொட்டி காலியாகும். அப்புறம் ஐந்து பேரும் வாளியோடு படிக்கட்டில் நின்று ஒருவரையொருவர் முறைப்போம்.

கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பம்பு வாங்கினோம். அதை யார், எப்போது ஓட்டுவது என்று பேசத்தான் முதல் கூட்டம்.

கூட்டத்துக்கு இடம் படிக்கட்டு. அவரவர் மாடிப் படியில் அவரவர். நடு நாயகமாக மூன்றாம் மாடி பாய், குடைக்கடைக்காரர். அவருடைய பாட்டனார் காலத்திலேயே கடற்கரைச் சீமையிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். நாடுகள் எப்படித் தங்கள் சட்டத்தை எழுதிக்கொண்டன என்று ஒரு தடித்த புத்தகம் படித்திருந்தார். அதைப் பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் போலிருக்கிறது, பிடித்துக்கொண்டார்.

"பம்பு அப்புறம். மொதல்ல நாம யாருன்னு எழுதணும்" என்றார். "அமெரிக்காவுல கோடை முழுக்க ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காந்து எழுதினாங்க. இந்தியாவுல மூணு வருஷம் கிட்ட ஆச்சு. வரி வரியா வாசிச்சு, வரி வரியா சண்டை போட்டு எழுதினது."

முதல் மாடி சயாமா, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நம் நாட்டிலும் எழுதினார்கள். ஒன்றல்ல, மூன்று" என்றார். அதற்கு மேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முறுக்குத் தட்டு ஒரு சுற்று வந்தது.

வரைவுக் குழு அமைக்க வேண்டும் என்றார் பாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குழு, தலைவர், செயலாளர் மூன்றும் நானே ஆனேன். முகவுரைக்கு மட்டும் மூன்று சாயங்காலம் போயிற்று. "ஐந்து மாடிகளின் மக்களாகிய நாங்கள்" என்று நான் எழுதினால், குடைக்கடை என்ன பாவம் செய்தது என்று பாய் கோபித்துக்கொண்டார். பக்கத்துப் பேட்டையான லத்தாவில் கருவாடு மொத்த வியாபாரம் செய்யும் நான்காம் மாடி சீன அம்மாள், முகவுரையில் தண்ணீர் வருமா என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

இனி என் சின்னப் புத்தியைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாடியில் வாடகைக்கு இருந்தவர் முப்பத்தைந்து வயது டாக்ஸி ஓட்டுநர். நகரத்தின் ஓரத்தில் தாகேதாவில் வளர்ந்த தமிழர்; தமிழ் புரியும், பேச்சு பாதி பர்மியம். பால்கனி முழுக்க ஆர்க்கிட் தொட்டிகள். காலையில் அவர் தண்ணீர் ஊற்றினால் இரண்டாம் மாடியில் என் சேலைகள் மறுபடி நனையும். சொன்னால் சிரிப்பார், மறுநாளும் ஊற்றுவார். அவரை ஒழுங்குக்குக் கொண்டுவர என் கையில் பேனா கிடைத்தது. விடுவேனா?

முதல் பிரிவு: இக்கட்டடத்தில் வீட்டைச் சொந்தமாக வைத்து, அதிலேயே குடியிருப்பவர் மட்டுமே உறுப்பினர். இரண்டாம் பிரிவு: பம்பில் முறை உறுப்பினருக்கு மட்டும், மற்றவர்கள் எல்லோருக்கும் பிறகு, கரண்டு மிஞ்சினால் பிடித்துக்கொள்ளலாம். ஒன்பதாம் பிரிவு: பால்கனியில் தண்ணீர் சொட்டும் தொட்டிகள் கூடாது. மூன்றையும் உரக்க வாசித்தேன். சயாமா தலையாட்டினார். சீன அம்மாள் தலையாட்டினார். பாய் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு அவரும் தலையாட்டினார். ஐந்தாம் மாடிக்காரரும் தலையாட்டினார். ஏகமனதாக நிறைவேறியது என்று நானே எழுதிக்கொண்டேன்.

"தங்கச்சி, எழுதுறவங்க வேற, ஏத்துக்கிறவங்க வேற" என்று பாய் தடுத்தார். "எழுதின சபையே கைதட்டி முடிச்சுக்கிட்டா அது சட்டமில்ல. மக்கள்கிட்ட போகணும். போன பிறகு எழுதினவங்க கை வைக்கக் கூடாது."

மக்களிடம் கொண்டுபோகும் வழியையும் அவரே சொன்னார். எங்கள் ஊரில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கயிற்று நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரை மாட்டி கயிற்றை இழுப்பார், மேலே மணி அடிக்கும், தூக்கிக்கொள்வோம். வரைவும் அப்படியே போகட்டும். ஒரு வாரம் வீட்டில் வைத்துப் படித்து, சம்மதமோ மறுப்போ எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலை கீழே இறக்கட்டும்.

திங்கட்கிழமை நானே தெருவில் நின்று ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு பிரதியை மாட்டி மணி அடித்தேன். சட்டம் மாடி மாடியாக ஏறியது. பெருமையாக இருந்தது. மேலே வந்து, என் பிரதியில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். "உறுப்பினர் பெயர்" என்று இருந்தது, எழுதினேன். அடுத்த வரி, "வீட்டுப் பத்திரம் யார் பெயரில்?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வீடு அண்ணன் பெயரில். அவன் குடியிருப்பது மாண்டலேயில். அவனும் உறுப்பினர் இல்லை, நானும் இல்லை. நான் எழுதிய நாட்டில் மொத்தக் குடிமக்கள் மூன்று பேர்: சயாமா, பாய், சீன அம்மாள். கரண்டு மிஞ்சினால் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் ஐந்தாம் மாடிக்காரரும் அவருக்குப் பக்கத்தில் நானும்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு. போய்த் திருத்தச் சொல்லலாம் என்றால், எழுதினவர் கை வைக்கக் கூடாது என்று பாய் போட்ட விதி. அதைவிட, என் வாய். ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுகிறவள், தன் பெயரை விட்டுவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் தண்ணீரும் வெட்கமும் மட்டுமில்லை, உண்மையில் பயந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன். இங்கே எனக்குச் சொல் இல்லை என்று ஒரு காகிதம் சொல்லப்போகிறது, அதுவும் என் கையெழுத்தில்.

மூவரும் சம்மதம் என்றுதான் எழுதுவார்கள் என்று நினைத்தேன். கூட்டத்தில் அத்தனை பேரும் தலையாட்டினார்களே. யோசிக்க யோசிக்கத்தான் இன்னொன்று உறைத்தது. பர்மாவில் ஆனாடே என்று ஒரு கூச்சம் உண்டு. அடுத்தவர் மனம் நோகுமே என்று, வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்து திரும்பிப் போய்விடும். இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வீடு யார் பெயரில் என்று கட்டடத்துக்கே தெரியும். நான் முதல் பிரிவை வாசித்தபோதே எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை குடைக்கடை வாசலில் நின்றேன். முதலில் சயாமாவின் காகிதம் இறங்கியது. முதல் பிரிவின் ஓரத்தில் சிவப்பு மையில், "இரண்டாம் மாடி மகள் விடுபட்டுவிட்டாள். சேர்க்கவும்" என்று எழுதி, கவனக்குறைவு என்று அடிக்கோடும் போட்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து சீன அம்மாளின் காகிதம், அதோடு ஒரு பொட்டலம் காய்ந்த இறால். "இரண்டாம் மாடி இல்லையென்றால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இறால் சமையலுக்கு." கடைசியாகப் பாய் தமிழில், கோணல் எழுத்தில்: "தங்கச்சி, முதல் பிரிவில் உனக்கு மட்டும் ஒரு விலக்கு எழுதிக்கொள். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை."

தெரு என்றும் பார்க்காமல் சிரித்துக்கொண்டே அழுதேன். மேலே மூன்று பால்கனியிலிருந்தும் மூன்று தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல உள்ளே போயின.

அப்போது ஐந்தாம் மாடிக் கயிறு இறங்கியது. அவருக்கு வாக்கே கிடையாது. ஒரு மரியாதைக்கு ஒரு பிரதியை மாட்டியிருந்தேன். பர்மிய எழுத்தில் நிதானமாக எழுதியிருந்தார். முதல் பிரிவு, சம்மதம். இரண்டாம் பிரிவு, சம்மதம். ஒன்பதாம் பிரிவு, சம்மதம். அடியில், "அண்ட்டி எழுதினால் சரியாகத்தான் இருக்கும். தொட்டிகளைத் தாகேதாவில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு விலக்கு கேட்டு மூன்று காகிதம் கையில் இருக்கிறது. அவருக்காக யாரும் ஒரு வரி எழுதவில்லை. அவரே எழுதிக்கொள்ளவில்லை. பாய் சொன்ன விலக்கை எழுதினால் நான் உள்ளே, அவர் வெளியே. நான் ஆரம்பத்தில் ஆசைப்பட்டது அதுதான். அந்த ஆசையை நினைத்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே ஐந்தாம் மாடி ஏறினேன். நான்காம் மாடியில் ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அவர் கதவைத் திறந்தபோது தொட்டிகளில் பாதி அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன.

"அண்ட்டி! நீங்க ஏன் ஏறி வந்தீங்க, பெல் அடிச்சா நான் வந்திருப்பேனே" என்று பதறினார்.

அவர் காகிதத்தின் பின்பக்கத்தில், அவருடைய மேசையிலேயே எழுதினேன். கட்டடத்தின் கீழ்த்தொட்டித் தண்ணீரில் அரிசி கழுவுகிற ஒவ்வொருவரும் உறுப்பினர். எழுதி வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"அப்போ நானும் ஓட்டுப் போடலாமா?"

"போடலாம்."

"வேணாம்னும் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு தொட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் பட்ட கஷ்டம் முகத்தில் தெரிந்தது.

"அப்படீன்னா ஒன்பதாம் பிரிவு வேணாம், அண்ட்டி. ஆர்க்கிட்டை நான் குடுக்க மாட்டேன்."

சுருக்கென்று கோபம் வந்தது. என் சேலைகள் என்ன ஆவது என்று கேட்டேன். வெயில் உங்கள் வீட்டுப் பக்கவாட்டு ஜன்னலிலும்தான் அடிக்கிறது என்றார். அரை மணி நேரம் வாதாடினோம். ஏழு நாளும் சுமந்த பாரம் இறங்கி, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எங்கள் கட்டடத்தில் என் முகத்துக்கு நேராக ஒருவர் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுவாரம் சட்டம் மறுபடி கயிற்றில் ஏறி, ஐந்து கையெழுத்தோடு இறங்கியது. அதில் ஒன்பதாம் பிரிவு இல்லை. துணிக்கொடியை நான் பக்கவாட்டு ஜன்னலுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டேன்.