தக்காளித் தோட்டத்தின் வடக்கு மூலை

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரே காட்சியை நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்களாகப் பிரித்துப் படமெடுக்கும் கருவியொன்றை எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்தோம். விமானத்தில் ஏற்றுமுன் தரையில் சோதிக்க வேண்டும். சந்தாபுரா பக்கம் குத்தகைக்குத் தக்காளி போட்டிருந்த ஓர் அம்மாள் இடம் கொடுத்தார். கணவர் இல்லை. அந்த ஒரு போகத்தை நம்பித்தான் குடும்பம்.

ஜீப்பின் மேல் கருவியை நிறுத்தினோம். முதலில் ஒரு வெள்ளைப் பலகையைப் படமெடுக்க வேண்டும். அன்றைய வெயிலுக்கு அதுதான் அளவு. மேகம் வந்து போனால் மறுபடி எடுக்க வேண்டும். மேகம் வந்தது, போனது. நான் எடுக்கவில்லை. பசி வேறு.

திரையில் வடக்கு மூலை மட்டும் கறுத்துக் கிடந்தது. நடந்து போய்ப் பார்த்தேன், எல்லாச் செடியும் ஒரே பச்சை. கடைசியாகப் படமான பகுதி அது. மேகம் செய்த கோளாறு என்று முடிவு கட்டினேன். கண்ணால் காண்பதும் பொய் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கருவி செய்தவன், அன்று கண்ணைத்தான் நம்பினேன்.

"பக்கத்துத் தோட்டத்துல நோவு வந்துடுச்சாம் சார். மருந்து அடிக்கலாமான்னு பாக்கறேன். உங்க மெஷின் இன்னா சொல்லுது?" என்று அம்மாள் கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கு," என்றேன்.

மெஷின் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது வடக்கு மூலை கருகியிருந்தது, திரையில் பார்த்த அதே வடிவில். அங்கிருந்து மற்ற வரிசைகளுக்கும் பரவி, காயெல்லாம் அழுகி விழுந்திருந்தது. அம்மாள் திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க நல்லா இருக்குன்னீங்களா, அதான் மருந்து அடிக்காம வுட்டுட்டேன் சார்," என்றார், தவறு தன்னுடையது என்பதுபோல.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பலகையை மறுபடி எடுக்காமல் விட்டதைச் சொல்ல வேண்டும். கூட வந்தவர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

இப்போதும் லிங்கராஜபுரத்தில் வீட்டு வாசலில் தள்ளுவண்டி நின்று நான் தக்காளி பொறுக்கினால் அந்தக் குரல் கேட்கிறது. பாதியில் கை நின்றுவிடும். மனைவி வந்து வாங்கி முடிப்பாள்.

சோதனை அறிக்கையை நான்தான் எழுதினேன். கண்ணுக்குத் தெரிவதற்குப் பல நாள் முன்பே கருவி நோயைக் கண்டுவிட்டது என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கூட்டத்தில் வாசித்தபோது கைதட்டினார்கள். கண்டதை அந்த நாட்களில் யாரிடம் சொன்னீர்கள் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ எனப் பயந்தபடி நின்றேன். யாரும் கேட்கவில்லை.