அய்யா தண்ணி, என் கேத்தல்

எங்க அய்யா என் வீட்டுக்கு வரும்போது குடிக்கத் தண்ணி கொண்டுக்கிட்டுத்தான் வருவாக. திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜா. திருச்சுழியில பஸ்ஸு ஏறும்போதே அது அவுக மடியில இருக்கும். பாளையம்பட்டியில இறங்கி என் வீட்டுக்குள்ள வந்து பெஞ்சுல உக்காந்ததும் பக்கத்துல வச்சுக்கிருவாக. தாகம் எடுத்தா மூடியத் திருகி, அண்ணாந்து ரெண்டு மடக்கு ஊத்திக்கிட்டு மறுபடி மூடிருவாக. என் வீட்டுப் பானைத் தண்ணி கண்ணு முன்னாடியே குளுகுளுன்னு இருக்கும். அதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாக.

காரணம் என் கல்யாணம். நாங்க கத்தோலிக்கம், ஆர்.சி. என் வீட்டுக்காரர் புரட்டஸ்தாந்து, மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியார். அவுக சர்ச்சுலதான் எனக்குத் தாலி கட்டுனாக. அய்யா அந்தப் பக்கமே தலை காட்டல. "எம் மகளப் பாக்காம என்னால இருக்க முடியாது, வருவேன், போவேன். ஆனா அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்"னு சொல்லிவிட்டாக. எங்க பக்கம் கை நனைக்கிறதுன்னா சாதாரண விஷயம் இல்ல. பொண்ணு பாக்கப் போன வீட்டுல சம்மதம்னு முடிவாகுற வரைக்கும் யாரும் ஒரு வாய் சாப்பிட மாட்டாக. சாப்பிட்டுக் கை கழுவிட்டா சம்பந்தத்த ஒத்துக்கிட்டாகன்னு அர்த்தம். அய்யா என் கல்யாணத்த இன்னும் ஒத்துக்கிடல. அதை வாயால சொல்லாம, வரும்போதெல்லாம் கூஜாவ வச்சுச் சொல்லிக்கிட்டு இருந்தாக.

வாத்தியாரோட நேராவும் பேச மாட்டாக. வாத்தியார் அந்தா நாற்காலியில உக்காந்துருப்பாக. அய்யா என்னையப் பாத்து, "இன்னைக்கிப் பள்ளிக்கூடம் லீவாத்தா?"ம்பாக. வாத்தியார் என்னையப் பாத்து, "ஆமா, லீவுன்னு சொல்லு"ம்பாக. நடுவுல நான் என்ன தபால்பெட்டியா? எனக்கு வர்ற கோவத்துக்கு ரெண்டு பேரையும் உள்ள வச்சுக் கதவப் பூட்டிட்டுப் போயிரலாமான்னு இருக்கும்.

மத்தியானம் ஆனதும் அய்யா துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கடைத்தெரு ஓட்டலுக்குப் போயிருவாக. நான் அங்க அடுப்புல கருவாட்டுக் குழம்பு வச்சிருப்பேன். அதோட வாசம் தெருவுக்கே தெரியும், அய்யாவுக்கு மட்டும் தெரியாது. வத்தலாட்டம் இருக்குற மனுசன் வெயில்ல நடந்து போயி, காசு குடுத்து ஓட்டல் சோறு திங்கிறதப் பாத்துக்கிட்டு நிக்கணும். அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுல ஏதாவது ஒண்ணு, ஒரே ஒரு வாய், அய்யா தொண்டைக்குள்ள இறங்கிறணும். எனக்கு வேற ஆசையே கிடையாது அப்போ.

வழி அய்யா வாயில இருந்தேதான் வந்துச்சு. வாலிபத்துல கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தவுக அவுக. எங்க கரிசக்காட்டுல டீயின்னா, தூளக் கொதிக்கிற தண்ணியில போட்டு, கருப்பட்டியும் போட்டு, சட்டி கறுக்குற மட்டும் காய்ச்சுறது. ஒருநாள் நான் வாத்தியாருக்கு அப்படிக் காய்ச்சிக்கிட்டு இருந்தேன். அய்யா பெஞ்சுல இருந்தபடியே மூக்கச் சுளிச்சாக.

"என்னத்தா, யாருக்காச்சும் காய்ச்சலா? கசாயம் வைக்கிற?"

"டீங்கய்யா."

"இதா? தேத்தண்ணியின்னா எலை கொதிக்கக் கூடாது. வெந்நிய ஊத்தி ஊற விடணும். ஊறுனதும் எலைய வெளிய எடுத்துறணும். கெடந்தா கசந்துபோகும்."

"நீங்க சொன்ன மாதிரி போட்டா குடிப்பீகளா?"

அய்யா உசாராயிட்டாக. "நான் இங்க கை நனைக்கிறது இல்லைன்னு தெரியும்ல."

எனக்கும் அவுக ரத்தந்தான ஓடுது. நான் விடல. "உங்க கூஜாத் தண்ணி. எலையும் நீங்களே கொண்டாங்க. கருப்பட்டியும் உங்க மடியில இருந்து எடுத்துக் கடிச்சுக்கங்க. என் வீட்டுது அடுப்பும் தீயுந்தான். தீயில எப்படிங்கய்யா கை நனையும்?"

சட்டம் பேசுறவுகளுக்குச் சட்டம் பேசுனாத்தான் பிடிக்கும். "நல்லாத்தான் வாதாடுற. ஆனா அதுக்குத் தோதா மூக்கு வச்ச கேத்தல் வேணும். இந்தச் சட்டியில ஆகாது"ன்னாக. முடியாதுன்னு சொல்லல பாத்தீகளா. எனக்கு அது போதும்.

கேத்தலுக்கு எங்க போறது? உலகச் சண்டை முடிஞ்சும் கடையில சாமான் ஒழுங்கா வராத காலம். அருப்புக்கோட்டைக் கடைத்தெருவுல பீங்கான் கடையில கேட்டா, ஊறுகாய்ச் சாடிய எடுத்துக் காட்டுறாக. அந்தச் சமயத்துல மிஷன் பங்களாவுல இருந்த துரைசானி அம்மா சீமைக்குத் திரும்பிப் போறாகன்னு, வீட்டுச் சாமான்களை வராந்தாவுல பரப்பி வித்தாக. வாத்தியார் புஸ்தகம் பாக்கப் போனாக. நானும் கூடவே ஒட்டிக்கிட்டுப் போயிட்டேன்.

அங்க மேசை மேல கேத்தல் மூணு இருந்துச்சு. ஒண்ணு வெள்ளிமுலாம் பூசுனது, பெருசு. வெந்நி ஊத்துனா கைப்பிடியே சுடுற சாதி, ஒரு ஊருக்கே ஊத்தலாம். அய்யா கூஜாத் தண்ணி அதுக்கு அடி நனையக் காணாது. இன்னொண்ணு வெள்ளைப் பீங்கான், ரோசாப்பூப் போட்டது, பாக்க அம்புட்டு அழகு. உள்ள கைய விட்டுப் பாத்தேன். மூக்கு ஆரம்பிக்கிற இடத்துல மட்டும் பொடி ஓட்டை போட்டிருந்துச்சு. எலை கோப்பையில விழாது, சரி. ஆனா கேத்தலுக்குள்ளயே கெடந்து ஊறிக்கிட்டு இருக்குமே. முதக் கோப்பை நல்லாருக்கும், ரெண்டாவது கோப்பை கசக்கும்.

மூணாவது, தவிட்டுக் கலர்ல ஒண்ணு. குண்டா, குட்டையா, ஒரு லட்சணமும் இல்லாம இருந்துச்சு. மூடியத் தூக்குனா உள்ள ஒரு சல்லடைக் கூடை, வாயில தொங்குற மாதிரி. எலைய அதுல போட்டு வெந்நிய ஊத்த வேண்டியது, ஊறுனதும் கூடையோட தூக்கிற வேண்டியது. அடுத்து எப்ப ஊத்துனாலும் ஒரே ருசி. எனக்கு இதுதான் வேணும்னு மனசுல பட்டுருச்சு. ஒரு கோப்பைன்னா அய்யா குடிச்சிட்டு எந்திரிச்சிருவாக. ரெண்டாவதும் கசக்காம இருந்தா இன்னும் செத்த நேரம் என் வீட்டுல உக்காந்துருப்பாகல்ல?

சும்மா வாங்கிற முடியுமா? கூடைய உள்ள விட்டு, விரலால ஆழம் பாத்தேன். அடிக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் எறங்குச்சு. அது முக்கியம், தண்ணி கம்மியா ஊத்துனாலும் எலை நனையணும். மூடி ஆடாம உக்காருதான்னு பாத்தேன். அப்புறம் துரைசானி அம்மாகிட்டத் தண்ணி கேட்டு வாங்கி, கேத்தல்ல ஊத்தி, வராந்தா ஓரத்துல சாச்சு ஊத்திப் பாத்தேன். சில கேத்தல் ஊத்தி நிமித்துனதும் மூக்கு வழியா ஒழுகி மேசைய நனைக்கும். இது நறுக்குன்னு நின்னுச்சு. அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே, "மாடு வாங்குற மாதிரி பாக்குறியே"ன்னாக. "ரோசாப்பூப் போட்டத எடுக்கலாம்ல"ன்னு வாத்தியார் என் காதுல சொன்னாக. "பூவையா குடிக்கப் போறோம்?"னேன். வாத்தியார் புஸ்தகத்துப் பக்கம் போயிட்டாக, நான் தவிட்டுக் கலர வாங்கிட்டேன்.

அதுக்கப்புறம் வாத்தியார் பாடு திண்டாட்டம். டீ போட்டுப் பழகுறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா? முதல்ல வீட்டுல இருந்த தூளையே போட்டேன், பூராவும் கூடை ஓட்டை வழியா எறங்கி, குளத்துச் சேறாட்டம் அடியில நின்னுச்சு. எலைதான் வேணும்னு அப்பத் தெரிஞ்சது. கடையில கெஞ்சிக் கொஞ்சம் வாங்குனேன். கிணத்துத் தண்ணியில போட்டுப் பாத்தேன். எங்க வீட்டுக் கிணறு உப்பு. மேல ஆடை மாதிரி கட்டி, நிறமும் செத்துப்போச்சு. ஊருணித் தண்ணியிலதான் செவப்பா, கண்ணாடியாட்டம் எறங்குச்சு. கேத்தல்ல முதல்ல கொஞ்சம் வெந்நிய ஊத்திக் கலக்கிக் கொட்டிட்டு, அப்புறம் எலையப் போட்டா சூடு நிக்குதுங்கிறதும் போகப் போகப் பிடிபட்டுச்சு. வாத்தியார் எல்லாத்தையும் குடிச்சாக. "எப்படி இருக்கு?"ன்னா, "நேத்தைக்கு இன்னைக்கு தேவல"ம்பாக. பரீட்சைப் பேப்பர் திருத்துற புத்தி எங்க போகும்.

அய்யா வந்தாக. கூஜாவும் வந்துச்சு. கூடவே மடியில ஒரு பொட்டலம் எலை, ஒரு வட்டுக் கருப்பட்டி. நான் கேத்தலக் கொண்டாந்து முன்னால வச்சதும் அப்படியே பாத்தாக.

"எங்க தோட்டத்துத் துரை பங்களாவுல இப்படி ஒண்ணு இருந்துச்சுத்தா. தட்டுல வச்சு உள்ள கொண்டு போவாக. நான் வெளிய நின்னு பாத்ததோட சரி. இது எங்க பிடிச்ச?"

பொய் சொல்ல எனக்கு வராது. "மிஷன் பங்களாவுல."

அய்யா கேத்தல ஒரு சுத்து சுத்திப் பாத்தாக. "கேத்தலுக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்க மாட்டாகல்ல?"ன்னாக. அந்தப் பக்கம் நாற்காலியில வாத்தியார் செருமுனாக. சிரிப்ப அடக்குறாகன்னு எனக்குத் தெரியும்.

கூஜாத் தண்ணி பூராத்தையும் அய்யா கண்ணு முன்னாடியே கொதிக்க வச்சேன். கேத்தல் கழுவுற வெந்நியும் அதுலதான். கடைசிச் சொட்டு வரைக்கும் கவுத்து ஊத்திட்டு, கூஜாவ ஓரமா வச்சேன். எலையக் கூடையில போட்டு, ஊத்தி, மூடி வச்சு, அய்யா "ம்"னு சொன்னதும் கூடையத் தூக்குனேன். முதக் கோப்பைய வாங்கி ஒரு மடக்கு குடிச்சவுக, கருப்பட்டிய ஒரு கடி கடிச்சுக்கிட்டாக. கண்டியில மழை பேஞ்சுக்கிட்டே இருக்கும்னு சொன்னாக. அட்டை கால்ல ஏறுற கதையச் சொன்னாக. ரெண்டாவது கோப்பைய ஊத்துனேன். அதையும் குடிச்சாக. "கசக்கல"ன்னாக. அம்புட்டுத்தான் சொன்னாக. ஆனா வெயில் சாயுற வரைக்கும் உக்காந்துருந்தாக. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். அய்யா சத்தியமும் கெடல, என் ஆசையும் நடந்துருச்சு.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாங்களும் கூடப் போனோம். அய்யா முன்னால நடந்தாக, வாத்தியார் கூஜாவத் தூக்கிக்கிட்டு வந்தாக. பெட்ரோலுக்குப் பதிலாக் கரிய எரிச்சு ஓடுற பஸ்ஸு நின்னுக்கிட்டு இருந்துச்சு, பின்னால கரிப்பீப்பாயில தீப் பிடிக்க ஒருத்தர் காத்துச் சக்கரத்தச் சுத்திக்கிட்டு இருந்தாரு. அய்யா ஏறி ஜன்னலோரமா உக்காந்தாக. வாத்தியார் ஜன்னல் வழியாக் கூஜாவ நீட்டுனாக. நீட்டும்போது உள்ள தண்ணி தளும்புற சத்தம் கேட்டுச்சு.

நான் வாத்தியார் பக்கம் திரும்புனேன். "தண்ணி ஊத்துனீகளா?"ன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன்.

"நெறைஞ்சு வந்த பாத்திரத்த காலியா அனுப்புறதா? எங்க வீட்டுல அப்படிப் பழக்கம் இல்ல"ன்னாக.

எங்க ஊருல யாரு வீட்டுலயும் அப்படிப் பழக்கம் இல்லதான். அதுக்காக? இம்புட்டு நாளு ஒவ்வொண்ணா யோசிச்சுக் கட்டுன கட்டு, ஒரு செம்புத் தண்ணியில போச்சே. அது என் வீட்டுப் பானைத் தண்ணி. நான் கூஜாவக் கவுத்துனத அய்யா பாத்தாக. அவுகளுக்குத் தெரியாம இருக்குமா? கொட்டிட்டு, இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லக்கூடிய ஆளு அவுக. சொன்னா சொன்னதுதான். வாத்தியாரப் பிடிச்சு உலுக்கணும்போல ஆத்திரம் வந்துச்சு, கூடவே பயம்.

அய்யா கூஜாவ மடியில வச்சாக. கனம் தெரிஞ்சிருச்சு. என்னையப் பாத்தாக, அப்புறம் கூஜாவப் பாத்தாக. மூடியத் திருகுனாக. உள்ள எட்டிப் பாத்தாக. ஜன்னலுக்கு வெளிய சாய்க்கப் போறாகன்னு நான் ரெண்டடி தள்ளி நின்னேன். பஸ்ஸு உறும ஆரம்பிச்சிருச்சு.

அய்யா அண்ணாந்து குடிச்சாக. ரெண்டு மடக்கு இல்ல, தொண்டை ஏறி ஏறி இறங்கக் குடிச்சாக. மீசையத் துடைச்சுக்கிட்டு, என்னையப் பாக்காம, என் வீட்டுக்காரரப் பாத்தாக.

"முக்காவாசிதான இருந்துச்சு. ஊத்துறது ஊத்துனீக, நெறைய ஊத்தக் கூடாதா மாப்ள? திருச்சுழி போற வரைக்கும் காண வேணாமா?"

வாத்தியார் வாயத் தொறந்தாக, சத்தம் வரல. பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தா தெரு முனைக்குக் கேக்குற குரலு அது. பஸ்ஸு நகந்ததுக்கு அப்புறந்தான், "அடுத்த தடவ நெறைய ஊத்துறேன் மாமா"ன்னாக. அய்யா காதுல விழுந்துச்சோ இல்லையோ, ஜன்னல் வழியாக் கைய ஆட்டுனாக.

நான் அழுதேன். நாலு பேரு பாக்குறாகன்னு தெரிஞ்சும் நடுரோட்டுல நின்னு அழுதேன். அய்யா ஏத்துக்கிட்டாலும் ஏத்துக்கிடாட்டாலும் நான் எப்படியும் அவுக மகதான். வாத்தியாருக்கும் உள்ள ஒரு தாகம் இருந்துருக்கும்னு அதுவரைக்கும் எனக்குத் தோணவே இல்ல. வாத்தியார் என் பக்கம் திரும்பல, பஸ்ஸு போன ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாக.

"மாப்ளன்னாகல்ல?"ன்னு என்னையக் கேட்டாக.