கத்தரீன் எழுதிய குழாய் மனு

கத்தரீன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். 1978-இல் நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டுத் தோட்ட மேலாளரான துரைக்கு மனு எழுதக் கூடினோம். ஆளுக்கொரு குறை சொன்னோம். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி பதினொன்றையும் வரிசையாக எழுதினார். துரை அதில் சுலபமானதைப் பொறுக்கி எடுத்தார். பாதைக்கு ஒரு விளக்கு வந்தது, அவ்வளவுதான். அந்த விளக்கைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த மனுவைக் கத்தரீனே எழுதினாள்: "குழாய் பள்ளத்தில் இருப்பதால் விடியுமுன் தண்ணீர் சுமக்கிறோம். அதனால் காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது பாதிப் பேர் வந்திருப்பதில்லை. பிந்தி மலையேறுவதால் கொழுந்து குறைகிறது. ஆகவே, குழாய் லயத்துக்கு வந்தால் கொழுந்து கூடும்."

"மத்த குறையெல்லாம் எங்கம்மா?" என்றார் கிராணி.

"அதெல்லாம் அப்புறம்லா. இதுல ஒன்ன ஒன்னு பிடிச்சிக்கிட்டு நிக்குது. துரை எதையும் தனியா உருவ முடியாது."

முடியவில்லை. இரண்டே மாதத்தில் லயத்து வாசலில் குழாய் வந்தது. முதல் குடம் பிடிக்க அவளைத் தேடினோம். அவளோ கூடையோடு பிரட்டில் முதல் ஆளாக நின்றிருந்தாள்.

"கொழுந்து கூடும்னு எழுதினது நானு," என்றாள். "கூடலன்னா யாரு மானம் போகும்?"