நெஞ்சில் வருத்தம் என்று டாக்டரிடம் சொல்லாதீர்கள்

ரப்பர் மரத்துக்குத் தினம் ஒரு கீறல், ரப்பர் தோட்டத்து ஆளுக்கு வருஷம் ஒரு மெடிக்கல். மலாயாவில் இரண்டும் தப்பாது. டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். ஆனால் நீங்கள் உள்ளூரில் விழித்திருப்பீர்கள். நாங்கள் அந்நிய தேசத்தில் விழித்தோம். பேப்பரில் 'அன்பிட்' என்று எழுதிவிட்டால் அடுத்த கப்பலில் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எனக்கு ஊர் பூந்தமல்லி. தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலை நிறுத்து எழுதுகிற வேலை. என்னோடு ஒரே கப்பலில் வந்த முனுசாமிக்கு அம்பத்தூர், அவனுக்குப் பால்வெட்டு. இந்தக் கதையில் எனக்கு வந்த தொல்லை பூராவும் அவனால் வந்தது.

நாக்கு

முதல் மெடிக்கல் ஆவடி முகாமிலேயே நடந்துவிட்டது. கப்பலேறுகிறவர்களை அங்கேதான் தங்கவைப்பார்கள். முனுசாமியின் பெண்சாதி தனம் தினமும் அம்பத்தூரிலிருந்து நடந்து வந்து, வேலிக்கு வெளியே நின்று அவனைத் திட்டிவிட்டுப் போவாள். கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. "ஆறே மாசத்துல உன்னியும் கூப்ட்டுக்கிறேன் தனம்" என்று அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தான்.

வெள்ளைக்கார டாக்டர் அவனை நாக்கை நீட்டச் சொன்னார். இவன் வாயை இறுக மூடிக்கொண்டான். கம்பவுண்டர் மூன்று தரம் தமிழில் சொல்லியும் திறக்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு "நீட்டித் தொலையேன்டா" என்றேன். அவன் என் காதோடு சொன்னான்: "இன்னா பாய் நீ, பெரிய மனுசன் மூஞ்சிக்கு நேரா நாக்கத் துருத்துனா எங்க நைனா செருப்பாலயே அடிப்பாரு!"

இருங்கோ

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதம் ஒரு நாள் தலைகாட்டுவார். மற்ற நாளெல்லாம் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரசர் ராஜ்யம். எங்கள் டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். அவரும் தமிழ்தான் பேசினார், நாங்களும் தமிழ்தான் பேசினோம். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

முனுசாமி உள்ளே போனதும் டிரசர் நாற்காலியைக் காட்டி, "இருங்கோ" என்றார். அவர்கள் ஊரில் உட்காரச் சொல்வது அப்படி. இவன் நின்றுகொண்டே "கீறேன் சார்" என்றான். அவர் மறுபடி "இருங்கோ எண்டு சொல்லுறன்" என்றார். இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது: "இங்கியேதான சார் கீறேன், நான் எங்க ஓடிப்பூட்டேன்?"

மந்திரம்

அடுத்தது என் முறை. டிரசர் முதுகில் குழலை வைத்து வெகு நேரம் கேட்டார். பயத்தில் "எல்லாம் சரியாக இருக்கிறதா, ஐயா?" என்றேன். "ஓம், ஓம்" என்றார். அவர்கள் பாஷையில் 'ஆமாம்'. எனக்கு உயிர் வந்தது.

வெளியே வந்தால் முனுசாமி கண் கலங்கி நிற்கிறான். ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்: "பாய், உனுக்கு மருந்து கெடியாது போல கீது, அவுரு மந்திரம் சொல்ல ஆரம்ச்சிட்டாரு!"

வடிவாச் சொல்லுங்கோ

ஆறு மாதம் ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஒரு வழியாகத் தனம் கப்பலேறுவதாகக் கடிதம் வந்தது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் முனுசாமி தன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தான். புதுப் பாய் வாங்கினான். அந்த வாரம் பார்த்து வருஷாந்திர மெடிக்கல் வந்தது. மறுநாள் ஆபீஸ் பலகையில் ஒட்டிய பட்டியலில் ஒரே ஒரு அன்பிட்: முனுசாமி, நாள்பட்ட நெஞ்சு நோய். பத்து நாளில் கப்பல்.

அவள் கப்பலில் இங்கே வருகிற வாரம் இவன் கப்பலில் அங்கே போகவேண்டும். நடுக்கடலில் கையாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். உள்ளே என்னதான் நடந்தது என்று அவனைப் பிடித்து உலுக்கினேன்.

"உங்களுக்கு என்ன வருத்தம், வடிவாச் சொல்லுங்கோ" என்று டிரசர் கேட்டாராம். ஒன்றரை வருஷமாக அவனை யாருமே கேட்காத கேள்வி. அழுகை வந்துவிட்டதாம். பெரிய வருத்தம் என்றானாம். எங்கே என்றதற்கு நெஞ்சைக் காட்டியிருக்கிறான். எப்போதிலிருந்து? கப்பலேறிய நாளிலிருந்து. சாப்பாடு? இறங்கவில்லை. தூக்கம்? சுத்தமாக இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் வியாதி, வடிவாக என்றால் விவரமாக என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முனுசாமி அப்பாவியாகச் சொன்னான்: "வடிவா சொல்லச் சொன்னாரு பாய், அதான் நல்லா அயகா சொன்னேன்."

ஓட்டம்

நல்ல வேளை, அன்றுதான் டாக்டர் தோட்டத்துக்கு வருகிற நாள். முனுசாமியை இழுத்துக்கொண்டு ஓடினேன். அவர் காரில் ஒரு காலை வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷ் அந்த நேரம் பார்த்து முழுசாக மறந்துபோயிற்று. டிரசரிடமே திரும்பினேன். "ஐயா, எங்க ஊர்ல வருத்தம் மனசுக்குத்தான் வரும். உடம்புக்கு வந்தா அது சீக்கு. இவனுக்குச் சீக்கு இல்லை, பெண்சாதிதான் இல்லை" என்று ஒரே மூச்சில் கொட்டி, அவன் சட்டைப் பையிலிருந்த தனத்தின் கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன்.

டிரசர் முகம் சிவந்துவிட்டது. தப்பு தன்னுடையது என்று மேலதிகாரியிடம் ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? அவருக்கு வந்தது. டாக்டரிடம் இங்கிலீஷில் விளக்கினார். டாக்டர் சிரிக்கவில்லை. காரிலிருந்து காலை எடுத்தார். ஆஸ்பத்திரியை மூன்று சுற்று ஓடி வரச் சொன்னார். முனுசாமி ஓடினான். மூன்று முடிந்தும் நிற்கவில்லை. நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தான். லயமே வந்து வேடிக்கை பார்த்தது. கடைசியில் நான் குறுக்கே விழுந்து நிறுத்தினேன். டாக்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டுப் பேப்பரில் என்னவோ கிறுக்கினார். டிரசர் அதைப் படித்து உரக்கச் சொன்னார்: "நெஞ்சு நல்லாய்த்தான் இருக்குதாம், மருந்து அடுத்த கப்பலில வருகுதாம்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முனுசாமி என்னைத் தூக்கிக்கொண்டு ஆறாவது சுற்றுக்குக் கிளம்பினான்: "எறங்காத பாய், உனுக்கும் சேத்து பாஸ் வாங்கிடலாம்!"

தனம்

மருந்து வந்து இறங்கியது. புதிதாக வந்தவர்களுக்கு மெடிக்கல் பார்க்காமல் தோட்டத்தில் விடமாட்டார்கள் அல்லவா? தனம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். முனுசாமியும் நானும் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றோம். டிரசர் இந்தத் தடவை உஷார். எழுந்து நின்று, கையாலேயே நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துக் கேட்டார்: "உங்களுக்கு ஏதும் சீக்கு கீதோ?"

தனம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். "சீக்குலாம் ஒண்ணியும் இல்ல சார். தோ நிக்கிறாரே, ஆறு மாசம்னு சொல்லிட்டு ஒன்ற வருசம் கயிச்சி கூப்ட்டாரு, அந்த வருத்தம்தான் மலையாட்டம் கீது. எய்திக்கோ!"

மலாயாவில் இருந்த வரைக்கும் என்னைப் பரிசோதித்த டாக்டர்கள் அத்தனை பேரும் எனக்கு ஒரு நோயும் இல்லை என்றே எழுதினார்கள், முனுசாமியை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.