தட்டினால் தாவும் வரையாடு

நீலகிரியில் கட்டபெட்டு என்ற ஊரில் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கும் வனிதா, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து மூன்று வருடத்தில் ஒரு வீடியோ கேம் செய்தாள். கட்டம் கட்டமாகத் தெரியும் பழைய பாணிப் படம். ஒரு வரையாடு பாறைக்குப் பாறை தாவி உச்சிக்குப் போக வேண்டும். பட்டனை எப்படித் தட்டினாலும் ஒரே உயரம், ஒரே தூரம். கிளம்பிய தாவலை நடுவில் மாற்ற முடியாது. எங்கே நின்று தாவுகிறோம் என்பதில்தான் ஆட்டமே இருந்தது.

ஒவ்வொரு நிலையையும் முதலில் ஆடிப் பார்ப்பவள் அக்கா ரேணுகா. எஸ்டேட்டில் இலை வெட்டும் மெஷின் பிடிப்பவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஆடிவிட்டு, எங்கே விழுந்தாள் என்று சாயங்காலம் சொல்வாள்.

கோயம்புத்தூரில் கேம்களை வெளியிடும் சின்னக் கம்பெனி ஒன்றை நடத்தும் சசிதரனுக்கு ஆட்டம் பிடித்துப்போனது. ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

"ஏனுங்க, லேசா அழுத்துனா சின்னதா தாவணும், புடிச்சிருந்தா ஒசரமா போகணுங்க. இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

வனிதா மாற்றினாள். அவளுக்கே பிடித்தது, ஆடு கைக்குள் உயிரோடு இருப்பது போல் இருந்தது. ஆனால் ரேணுகா இரண்டு நாள் ஆடிவிட்டு, நேரமில்லை என்று விட்டுவிட்டாள்.

வனிதாவுக்கு வருத்தம். சோதனைக்காக ஒவ்வொரு அழுத்தலும் எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேம் பதிவுசெய்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தாள். இரண்டாம் நிலையில் மட்டும் அக்கா நாற்பது முறை விழுந்திருந்தாள். சின்னத் தாவல் போதும் என்ற இடத்தில் ஒரு முழு விநாடி அழுத்தியிருந்தாள். உயரம் வேண்டிய இடத்தில் உடனே விட்டிருந்தாள். ஆடத் தெரியாதவள் இல்லையே.

அன்று குழாயடியிலேயே கேட்டாள். ரேணுகா குடத்தை இறக்கி வைத்தாள்.

"புடிச்சிருக்கேனா விட்டுட்டேனான்னு கட்டவெரலுக்குத் தெரியல வனி. தட்டுறது மட்டும் தெரியுது."

போன மழைக்காலத்திலிருந்தே விரல்கள் மரத்திருந்தன. சொன்னால் மெஷினை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வனிதா அவளைக் குன்னூருக்கு அழைத்துப் போனாள். டாக்டர் பார்த்துவிட்டு, மெஷினின் அதிர்வால் வந்தது, இனிமேல் அதைப் பிடிக்கக் கூடாது என்றார். எஸ்டேட்டில் அவளை நாற்றுப் பண்ணைக்கு மாற்றினார்கள். தங்கை கிளறாமல் இருந்திருந்தால் மெஷின் வேலை போயிருக்காது என்று ரேணுகா இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு விதத் தாவலும் இருக்கட்டும், ஆடுகிறவர்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்று வனிதா சசிதரனிடம் சொன்னாள். ஒவ்வொரு பாறையும் இரண்டுக்கும் பொருந்த வேண்டுமே, இரட்டை வேலை என்று அவர் மறுத்தார்.

"வேலைய நானே பாத்துக்கறேங்க. ரெண்டும் இல்லீன்னா வேண்டாங்க."

இரண்டு நாள் கழித்து ஒப்புக்கொண்டார். சில பாறைகளைத் தாழ்த்தி, சிலவற்றை நெருக்கி வைக்க ஐந்து மாதம் பிடித்தது. கோபம் தணிந்த ரேணுகா, தட்டும் தாவலை எல்லா நிலையிலும் ஆடிக் கொடுத்தாள்.

கேம் ஏப்ரலில் வெளிவந்தது. பெரிதாக ஓடவில்லை, மோசமும் இல்லை. மூன்றில் ஒருவர் பழைய தாவலையே தேர்ந்தெடுப்பதாகச் சசிதரன் ஆச்சரியத்தோடு போன் செய்தார்.

கடைசித் திரையில் 'சோதனை: ரேணுகா' என்று வந்தது. ரேணுகா அதைப் பார்த்துவிட்டு, அப்பா பேர் எழுத்தை ஏன் விட்டாய் என்று மட்டும் கேட்டாள். அடுத்த திருத்தத்தில் 'வீ. ரேணுகா' ஆனது. விரல் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.